மணவாளக்குறிச்சிப் பக்கம் வாழும் அக்காளும் கைக்குழந்தையும்: மண்ணின் கதிர்வீச்சுக்கு எவ்வளவு அஞ்ச வேண்டும்?

கேள்வி: மூக்கையூரான்

அனைவருக்கும் வணக்கம். சாயல்குடிக்குத் தெற்கே மூக்கையூரிலிருந்து எழுதுகிறேன். என் அக்காளைக் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்தோம். பெண் குழந்தை, இருவரும் நலம். மச்சான் வந்து இருவரையும் அழைத்துப் போக வேண்டிய நேரத்தில், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய காணொலி ஒன்றை அம்மா பார்த்துவிட்டார். அதில் ஒருவர் கருமணல் மேல் ஒரு சிறிய கருவியை வைக்கிறார். கருவி விடாமல் சத்தமிடுகிறது. திரையில் மணிக்கு 1.2 மைக்ரோசீவர்ட் என்று எண் தெரிகிறது. "இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் புற்றுநோய் நிச்சயம்" என்று அவர் சொல்லி முடிக்கிறார். அன்று முதல், பேத்தியை அங்கே அனுப்ப மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். மச்சானோ, தன் தாத்தா அதே மண்ணில் தொண்ணூறு வயது வரை வலை இழுத்தவர் என்கிறார். இரண்டு பேச்சிலும் அளவு என்ற ஒன்று இல்லை என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

அந்த 1.2 என்ற எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? தவழப் போகும் குழந்தைக்குத் தனியாக ஏதும் கவனிக்க வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. கச்சான் காற்று ஓய்ந்த பிறகு எங்கள் கரையிலும் அலை ஏறி இறங்கும் இடத்தில் கருப்பு வரிகள் தெரிகின்றன. இங்கும் மணல் சுரங்கம் வரப்போகிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் மண்ணும் அப்படிப்பட்டதுதானா?

பதில்: இயற்பியல் ஆசிரியை, இராமநாதபுரம்

தம்பி, முதலில் அந்த எண்ணைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சீவர்ட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு; ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட். மணிக்கு 1.2 மைக்ரோசீவர்ட் உள்ள இடத்தில் ஒருவர் ஆண்டின் 8,760 மணி நேரமும் அசையாமல் படுத்திருந்தால் அவருக்கு ஏறத்தாழ 10.5 மில்லிசீவர்ட் கிடைக்கும். ஆனால் கரையில் அப்படி வாழ்பவர் எவரும் இல்லை. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அந்த மணலில் நிற்பவருக்கு அதே எண் ஆண்டுக்கு 0.9 மில்லிசீவர்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். மேலும், இத்தகைய கருவியை இடுப்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே பிடித்து அளப்பதே முறை. காணொலிக்காரர் செய்ததுபோல் மணல் மேலேயே வைத்தால், உடலின் உள்ளுறுப்புகளை எட்டாத பீட்டா கதிர்களையும் மலிவான கருவிகள் சேர்த்து எண்ணி எண்ணிக்கையை உயர்த்திக் காட்டும். காணொலியில் மணலில் கருமை எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே தேடிப் பிடித்து வைத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவு வேண்டும். உலக மக்களுக்கு இயற்கையிலிருந்து கிடைக்கும் கதிர்வீச்சின் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்று ஐக்கிய நாடுகளின் அறிவியல் குழு கணித்திருக்கிறது. அதில் பாதிக்குமேல் நாம் மூச்சில் இழுக்கும் ரேடான், தோரான் ஆகிய கதிரியக்க வாயுக்களால் வருவது; விண்ணிலிருந்து ஏறத்தாழ 0.4, மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் ஏறத்தாழ 0.5, உணவின் வழியாக ஏறத்தாழ 0.3. கருவி காட்டும் எண்ணை இந்த முழு 2.4-உடன் ஒப்பிடக் கூடாது. விண்ணும் மண்ணும் சேர்ந்த 0.9-உடன்தான் ஒப்பிட வேண்டும். சமூக ஊடகங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் "பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட்" என்ற வரம்பு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆலைகளின் செயலால் கூடுதலாக வரும் கதிர்வீச்சுக்கு வகுத்ததே தவிர, இயற்கை மண்ணுக்கு வகுத்ததன்று.

மணவாளக்குறிச்சி மண் இயல்பாகவே சராசரிக்கு மேல் கதிர்வீச்சு உடையது என்பதில் ஐயம் இல்லை. காரணம், தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் என்ற கனிமம். ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதைக் கண்டு, 1909-இல் மணவாளக்குறிச்சியைத் தேடி வந்தார். அக்காலத்தில் எரிவாயு விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடும், அதோடு சிறிதளவு யுரேனியமும் உண்டு. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 1,400 கோடி ஆண்டுகள். ஆகவே, சுரங்கமோ ஆலையோ வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கரை மக்கள் இந்தக் கதிர்வீச்சோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள்.

உடல்நலம் பற்றிச் சொல்ல வேண்டுமானால், இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த ஆய்வுதான் நமக்கு மிக நெருக்கமானது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 30 முதல் 84 வயது வரையிலான 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டது. அப்பகுதியில் வெளிப்புறக் கதிர்வீச்சின் நடு அளவு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல் (இங்கே ஒரு மில்லிகிரேயை ஏறத்தாழ ஒரு மில்லிசீவர்ட் என்று கொள்ளலாம்). சில இடங்களில் 70 வரை. அந்தக் காலத்தில் பதிவான 1,379 புற்றுநோய்களை, ஒவ்வொருவரும் பெற்ற கதிர்வீச்சோடு பொருத்திப் பார்த்தபோது, கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கேரளக் கடற்கரையில் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டு பரிசோதித்த ஆய்வுகளிலும் பிறவிக் குறைபாடு மற்ற பகுதிகளைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. கருவில் குறைபாடு உண்டாக ஏறத்தாழ 100 மில்லிகிரேக்கு மேல் தேவை என்று பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் கருதுகிறது. ஆண்டுக்கு 4 உள்ள ஊரில் பேறுகாலம் முழுவதற்கும் 3 அளவே வரும். "நிச்சயம்" என்ற சொல்லை அம்மாவின் மனத்திலிருந்து அகற்ற இது போதும் என்று நினைக்கிறேன்.

குழந்தையைப் பொறுத்தவரை, கரை எப்படி என்பதைவிட வீடு எப்படி என்பதுதான் முக்கியம். கைக்குழந்தை கிட்டத்தட்ட முழு நாளும் வீட்டுக்குள்தான் இருக்கும். அக்காள் வீட்டின் தரைக்கும் பூச்சுக்கும் எந்த மணல் போட்டார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

பதில்: முன்னாள் மணல் ஆலைத் தொழிலாளி, தற்போது ஏர்வாடி

டீச்சர் அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. கருப்பு வரியைப் பற்றி மட்டும், இந்த மணலைப் பிரித்து எடுக்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கரையில் கருப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட். அதில் டைட்டானியமும் இரும்பும் உண்டு, தோரியம் மிகச் சொற்பம். சிவப்பாகத் தெரிவது கார்னெட்; அதுவும் அப்படித்தான். மோனசைட்டோ தேன் நிறத்தில், மஞ்சள் கலந்த மணியாக இருக்கும். ஒரு பிடி கருமணலில் அதைக் கண்ணால் தேடிப் பொறுக்குவது கடினம். எல்லாமே கனத்த மணல் என்பதால், அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போக, இவை ஒன்றாகத் தங்கிவிடுகின்றன. ஆகவே கருப்பு வரி என்பது அங்கே கனத்த மணல் சேர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். அதில் மோனசைட் எவ்வளவு என்பதைக் கருவிதான் சொல்லும். மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கத்தில் இன்றைக்கு மணவாளக்குறிச்சியில் இருப்பது போன்ற ஆலை எதுவும் இல்லை.

ஆலையில் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. ஈர மணலைச் சுருள் வடிவ வாய்க்காலில் நீரோடு ஓடவிட்டு, கனமானதை உள்பக்கமும் இலேசானதை வெளிப்பக்கமும் ஒதுக்குவார்கள். பிறகு உலர்த்தி, உயர் மின்னழுத்தப் பிரிப்பான் வழியாகவும் காந்த உருளைகள் வழியாகவும் விட்டால் இல்மனைட், கார்னெட், ஜிர்கான் எல்லாம் தனித்தனியே பிரிந்து, கடைசியில் மோனசைட் சேர்ந்த பகுதி மிஞ்சும். கரையில் ஊர் முழுக்கப் பரவிக் கிடந்த தோரியம் அந்தக் கடைசிக் குவியலில்தான் வந்து சேர்கிறது. அதன் அருகே வேலை செய்பவர்கள் தாங்கள் பெறும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி. பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். தொழிலாளிக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. உலர் மணலின் தூசி மூச்சில் போகாமல் பார்ப்பதுதான் அங்கே உண்மையான வேலை.

இதில் பலருக்கும் விளங்காத ஒன்று உண்டு. மோனசைட்டை எடுத்துவிட்டு எஞ்சிய மணலைத் திரும்பக் கொட்டி நிரவிய நிலத்தில் கதிர்வீச்சு முன்பைவிடக் குறையும். ஆலைக்காரர்கள் இதைச் சொல்லும்போது பொய் சொல்வதில்லை. ஆனால் எஞ்சிய மணல் என்று சொல்லப்படுவதில் எந்தக் கட்டத்தின் கழிவு கலந்திருக்கிறது, அது எங்கே கொட்டப்படுகிறது, யார் வீட்டுக்கு மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் போகிறது என்பதைக் கண்காணிக்காவிட்டால் அந்த வாதம் நிற்காது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் யுரேனிய ஆலையின் கழிவு மணலை நல்ல மணல் என்று எண்ணி வீடுகளின் அடித்தளத்துக்கு அள்ளிப் போட்டார்கள். பிறகு அரசாங்கமே ஆயிரக்கணக்கான இடங்களில் அதைத் தோண்டி அகற்ற வேண்டியதாயிற்று.

பதில்: மண்டபம் வாசி

முதல் பதிலில் ஆறுதல் சற்று அதிகம் என்று எனக்குப் படுகிறது. கருநாகப்பள்ளி ஆய்வு நேர்மையான ஆய்வுதான். ஆனால் பத்தரை ஆண்டுகள் என்பது புற்றுநோய்க்குக் குறுகிய காலம். அதில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் முப்பது வயதைக் கடந்தவர்கள். குழந்தைகள் அதில் இல்லை. இரத்தப் புற்றுநோய், தைராய்டு, மூளை, மார்பகம் போன்றவற்றில் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கதிர்வீச்சுக்கு எளிதில் பாதிக்கப்படுகிறார்கள் என்று மேலே சொல்லப்பட்ட ஐ.நா. குழுவே 2013-இல் எழுதியிருக்கிறது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3,09,932 அணுத்துறைத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளிவந்த ஆய்வோ, குறைந்த அளவில் நெடுங்காலம் பெறும் கதிர்வீச்சிலும் புற்றுநோய் மரணம் கூடுகிறது என்றது. அதன் கணக்குப்படி ஒரு கிரே பெற்றால் திடக்கட்டிப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 52 விழுக்காடு உயரும். இதை நம் பிரச்சினைக்குப் பொருத்திப் பார்க்கிறேன். ஆண்டுக்கு 3 மில்லிகிரே கூடுதலாக ஐம்பது ஆண்டு பெற்றால் மொத்தம் 150 மில்லிகிரே. அப்படியானால் 100 பேர் இறக்கும் இடத்தில் ஏறத்தாழ 108 பேர் என்று ஆகும். புகை பிடிப்பதால் வருவதோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் சுழியம் அன்று. இரண்டு ஆய்வுகளும் வேறு வேறு திசையில் பேசும்போது, குறைப்பதற்கு வழி இருக்கிற கதிர்வீச்சைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

யுரேனியச் சுரங்கத்தையும் கடற்கரை மணலையும் ஒன்றாகப் பேசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெர்மனியின் விஸ்முட் சுரங்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது பெரும்பாலும் மூடிய சுரங்கத்துக்குள் தேங்கிய ரேடானால். ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் சர்ச்சைக்குரியதாக இருப்பது அரைத்த தாதின் கழிவுக் குட்டையும் அதைச் சுற்றி வாழும் ஆதிவாசிகளின் நிலையும். திறந்த கடற்கரையில் காற்று வீசுகிறது, ரேடான் தேங்குவதில்லை. ஜாதுகோடாவின் படங்களைக் காட்டி மணவாளக்குறிச்சியை விளக்குவது சரியன்று.

இராமநாதபுரம் கரையைப் பற்றி எனக்குள்ள கவலை வேறு. சுரங்கம் வந்தால் முதல் பாதிப்பு கதிர்வீச்சால் அன்று, மணல் மேடு போவதால். மேடு போனால் கடல் ஏறும்; அதன் அடியில் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீர் உப்பாகும். நம் மாவட்டத்தில் குடிநீரின் நிலை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும் பவளப்பாறைகளும் எதிரே இருக்கின்றன. கலங்கிய நீர் பவளத்துக்கு ஆகாது. எல்லா எதிர்ப்பையும் "கதிர்வீச்சு" என்ற ஒரே சொல்லில் அடக்கினால், அதிகாரிகள் ஓர் அட்டவணையைக் காட்டி "வரம்புக்குள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்; மற்றக் கேள்விகள் கேட்கப்படாமலே போகும்.

இன்னொன்று. அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் விலக்கு அளித்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தின் மணல் சுரங்கத் திட்டத்தை 2024-இல் மீனவ மக்கள் எதிர்த்தார்கள்; ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நின்று பேசும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கும் என்று இனி எண்ணியிருக்க முடியாது. ஆகவே, யாரும் மண்வெட்டி வைப்பதற்கு முன்பே நம் கரையின் இன்றைய அளவு என்ன என்று ஊர்வாரியாக அளந்து பதிந்து வைக்க வேண்டும். பின்னாளில் "இது முன்பே இருந்ததுதான்" என்று எவரும் சொன்னால் சரிபார்க்க அந்தப் பதிவுதான் உதவும்.

கேட்டவர்: மூக்கையூரான்

அனைவருக்கும் நன்றி. மச்சானிடம் விசாரித்தேன். பழைய வீடு ஓலை வேய்ந்தது. இப்போதைய வீடு திருமணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு கட்டியது. அடித்தளம் உயர்த்த வாசலுக்கு எதிரே கரையிலிருந்தே மணல் அள்ளிப் போட்டார்களாம். பூச்சுக்கு ஆற்று மணல் வாங்கினார்களாம். முன்னறையில் சிமெண்டுத் தரை, சில இடங்களில் வெடித்திருக்கிறது. படுக்கை அறைக்கு இன்னும் தளம் போடவில்லை. மணலை இறுக்கி அதன் மேல் பாய் விரித்திருக்கிறார்கள். பிள்ளையின் தொட்டிலும் அந்த அறையில்தான் கட்டப் போகிறார்கள். இதைக் கேட்டபின் எனக்கே சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: இயற்பியல் ஆசிரியை, இராமநாதபுரம்

மண்டபம் சகோதரர் குழந்தைகளைப் பற்றிச் சொன்னது சரியான எச்சரிக்கை. இந்த விவரம் வந்தபின் அதற்கு இடமும் இருக்கிறது. தளம் போடாத அந்த அறைதான் கவனிக்க வேண்டிய இடம். தோரியம் உள்ள மணலிலிருந்து தோரான் என்ற வாயு வெளியேறுகிறது. அதன் அரை ஆயுள் 56 வினாடிக்கும் குறைவு என்பதால் அதிக தூரம் போகாது. தரையை ஒட்டிய காற்றில்தான் அதிகமாக இருக்கும், பாயில் படுப்பவரின் மூச்சும் அங்கேதான். நல்ல கனத்தில் கான்கிரீட் தளம் போட்டு, வெடிப்பில்லாமல் பூசி, மேலே டைல்ஸ் பதித்தால் தோரான் மேலே வருவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். காமா கதிரும் ஓரளவு குறையும். முன்னறை வெடிப்புகளையும் அடைத்துவிடச் சொல்லுங்கள். சன்னல்களைப் பகலில் திறந்து வைக்க வேண்டும். பழைய ஓலை வீட்டில் காற்று தானாகவே வந்து போனது. புது வீட்டில் ஏ.சி. போட்டு அடைத்துவிட்டால் ரேடான் தேங்கும். வீட்டுக் காற்றில் ரேடான் கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் (ஒரு பெக்கரல் என்பது வினாடிக்கு ஓர் அணு சிதைவது) இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

தாய்ப்பாலைப் பற்றி எவரும் பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம். அம்மாவுக்கு வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்: கடல் உணவு அதிகம் உண்ணும் எந்த ஊரிலும், நம் மூக்கையூர் உட்பட, பொலோனியம்-210 என்ற இயற்கைக் கதிரியக்கப் பொருள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உடம்பில் சேர்கிறது. மீனின் குடலிலும் ஈரலிலும் சிப்பியிலும்தான் அது அதிகம் என்பதால், குடல் எடுக்காமல் பொரிக்கும் நெத்திலியில் அதன் பங்கு உண்டு. அதன் அரை ஆயுள் 138 நாள். ஆகவே, பல மாதம் கிடந்த கருவாட்டில் சற்றுக் குறைந்திருக்கும். அதற்காக யாரும் நெத்திலியை விட வேண்டியதில்லை. இங்கே கதிர்வீச்சே இல்லை, அங்கே மட்டும்தான் உண்டு என்ற எண்ணம் தவறு என்பதற்காகச் சொன்னேன். முருகைக்கல் சுவர் உள்ள நம் பழைய வீடுகளில் மண்வழிக் கதிர்வீச்சு மிகக் குறைவு என்பதும் உண்மைதான். அந்த வகையில் அம்மாவுக்கு ஒரு வாதம் இருக்கிறது.

அனுப்புவதா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். தளம் போட்டுச் சிமெண்டு இறுகும் வரை அக்காளும் குழந்தையும் மூக்கையூரிலேயே இருக்கட்டும்; மச்சானும் இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

அளப்பதானால், அளவுத்திருத்தம் செய்த கருவியாக இருக்க வேண்டும். அருகிலுள்ள பல்கலைக்கழகம் அல்லது கல்லூரியின் இயற்பியல் துறையில் கேட்டால் கிடைக்கக்கூடும். தளம் போடுவதற்கு முன் ஒரு முறையும் போட்ட பின் ஒரு முறையும், தொட்டில் தொங்கும் உயரத்தில் ஒன்று, பாயில் தலை வைக்கும் இடத்தில் ஒன்று, வாசலில் இடுப்பு உயரத்தில் ஒன்று என்று, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது வைத்துச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். எண்களை இங்கே எழுதினால், ஆண்டுக் கணக்கு நான் போட்டுத் தருகிறேன். அதே கருவியை நீங்களும் வாங்கி வந்து, மூக்கையூர்க் கரையின் கருப்பு வரியிலும் அதற்கு மேலே உள்ள வெள்ளை மணலிலும் அளந்து, நாளும் இடமும் குறித்து வைத்தால், மண்டபம் சகோதரர் கேட்ட பதிவின் முதல் பக்கம் உங்களுடையதாக இருக்கும்.

கேட்டவர்: மூக்கையூரான்

மச்சான் தளம் போடச் சம்மதித்துவிட்டார், கொத்தனாரிடமும் பேசியாயிற்று. அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: தளம் போடுவதற்கு முன் அந்தக் கரை மணலை ஓர் அடி ஆழத்துக்காவது அள்ளி வெளியே கொட்டிவிட்டு, எம்சாண்ட் நிரப்பக் கூடாதா என்கிறார்.

பதில்: முன்னாள் மணல் ஆலைத் தொழிலாளி, தற்போது ஏர்வாடி

தாராளமாகச் செய்யலாம், அம்மா கேட்டது நல்ல யோசனை. எம்சாண்டும் பாறையை உடைத்து வருவதுதான், அதிலும் சிறிது இருக்கும். ஆனாலும் மோனசைட் கலந்த கரை மணலோடு பார்க்கக் குறைவு. அள்ளும்போது மணலை நனைத்துக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு அள்ளச் சொல்லுங்கள். அள்ளிய மணலை அடுத்த வீட்டு அடித்தளத்துக்குக் கொடுத்துவிடாமல், எடுத்த கரையிலேயே கொட்டச் சொல்லுங்கள்.